வெண்கலம், பட்டு, பாம்புத்தோல், மூங்கில்: சீன இசை தேடி ஏழு நாள்

முதல் நாள், வூஹான்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றோம், நானும் பெரியம்மா மகள் அக்காவும். அக்கா திருச்சியில் முப்பது வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறாள். சீனாவுக்குப் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், "நானும் வரேன்டா. அவங்க நரம்பை எப்படித் தொடறாங்கன்னு பார்க்கணும்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் திட்டம். பெருஞ்சுவரெல்லாம் இந்தப் பயணத்தில் இல்லை.

இங்கே வந்தது ஒரே ஒரு பொருளுக்காக. ஸெங் என்ற சிறிய நாட்டை ஆண்ட யீ கோமானின் மணிகள். 1977இல் சுய்ஜோ நகரத்தை ஒட்டிய லெய்குதுன் மேட்டில், ராணுவத்தினர் பட்டறை கட்ட நிலத்தைச் சமப்படுத்தியபோது கல்லறை தட்டுப்பட்டது. மறு வருடம் தோண்டினார்கள். உள்ளே முழுக்கத் தண்ணீர். இறைக்க இறைக்க, மூன்று அடுக்குச் சட்டம் ஒன்று மணிகள் தொங்கியபடியே மேலே தெரிய ஆரம்பித்தது. 2,400 வருடம் நீருக்குள் அப்படியே நின்றிருக்கிறது.

மொத்தம் 65 மணிகள். மேல் அடுக்கில் 19 சிறியவை, நடுவிலும் கீழுமாக 45, கீழடுக்கின் நடுவே தனியாக ஒன்று. அந்த ஒன்று சூ நாட்டு அரசன் அனுப்பிய காணிக்கை. அதில் பொறித்திருக்கும் வாசகத்தை வைத்துத்தான் கி.மு. 433 என்று காலத்தைக் கணித்தார்கள். சட்டத்தின் நீளப் பக்கம் ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாள் செருகிய ஆறு வெண்கல வீரர்கள் தலையாலும் கையாலும் தாங்குகிறார்கள். ஆகப் பெரிய மணியின் எடை 203.6 கிலோ.

அக்கா சட்டத்தைச் சுற்றி இரண்டு முறை வந்துவிட்டு, குனிந்து ஒரு மணியின் வாயைப் பார்த்தாள். "இது வட்டமா இல்லையேடா."

அதுதான் விஷயம். இரண்டு கூரை ஓடுகளை எதிரெதிரே வைத்து ஒட்டியது போலச் சப்பையான வாய். நடுவில் அடித்தால் ஒரு சுரம். அதே மணியைப் பக்கத்தில் அடித்தால் வேறு சுரம். இரண்டுக்கும் நடுவே, நம் கணக்கில் சொன்னால், ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள தூரம். சில மணிகளில் சாதாரண காந்தாரம், சிலவற்றில் அந்தர காந்தாரம். ஒரு மணிக்குள் இரண்டு மணி. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று தங்கம் பதித்த எழுத்தில் மணியின் மேலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மணிகள், சட்டம், கொக்கிகள் எல்லாம் சேர்த்து 3,755 எழுத்துகள். இந்தச் சுரத்துக்கு எங்கள் நாட்டில் இந்தப் பெயர், சூ நாட்டில் இந்தப் பெயர், ஜின் நாட்டில் இந்தப் பெயர் என்று கூட விளக்கம் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு இசை நூல் என்றே எனக்குப் பட்டது.

சப்பை வாய்க்கு இன்னொரு பலனும் உண்டு. நம் கோயில் மணி வட்டமானது, அடித்தால் நாதம் நீண்டுகொண்டே போகும். பாட்டு வாசிக்க அது உதவாது. முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் விழும். சப்பை மணியின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர் இந்தக் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்.

பிற்பகல் அரங்கில் நகல் மணிகளை வைத்து வாசித்தார்கள். பின்னால் மூன்று பேர் சிறு சுத்தியல்களோடு. முன்னால் இரண்டு பேர் நீண்ட மரத்தடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, உடம்பு முழுவதும் திரும்பி, கீழடுக்குப் பெரிய மணிகளை இடிக்கிறார்கள். அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்னால் நாற்காலி வழியாக முதுகுக்கு வந்தது. ஐந்து ஸ்தாயி எட்டுகிறது. நடுப்பகுதியில் பன்னிரண்டு சுரஸ்தானமும் முழுதாக இருக்கிறது. சீன இசை என்றால் ஐந்து சுரம் என்று நினைத்திருந்த எனக்கு, முதல் நாளே அந்த நினைப்புக் கழன்றுவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அதே கல்லறையில் கோமானோடு சேர்த்து 21 பெண்களையும் புதைத்திருக்கிறார்கள். எல்லோரும் இளம் வயது. மணிகளுக்கு எதிரே நிற்கும்போது இதுவும் மனதுக்குள் நின்றது.

கண்காட்சியில் கல் மணி வரிசை இருக்கிறது, 32 கற்கள். பட்டு நரம்புக் கருவிகள், மூங்கில் குழல்கள், சுரைக்குடுக்கையில் குழல்கள் செருகிய ஷெங், முரசு. பழைய சீனர்கள் வாத்தியங்களை எட்டாகப் பிரித்தார்கள்: உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம். நாம் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பிரிக்கிறோம். நம் பட்டியலில் தோல், நரம்பு, கஞ்சம் பொருள்தான், ஆனால் துளை என்பது வடிவம். மூங்கில் என்பது பொருள். அவர்களுக்கு ஒலியின் பிறப்பே பொருளில் இருக்கிறது. இந்த வாரம் முழுவதும் இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்று அக்கா சொன்னாள்.

இரண்டாம் நாள், வூஹான்

ஹான்யாங் பகுதியில் நிலா ஏரி, அதன் கரையில் ‘பழைய சின் மேடை’. சின் என்றால் நாம் இப்போது குச்சின் என்று கேள்விப்படும் ஏழு நரம்பு வாத்தியம். ‘கு’ என்றால் பழைய. இந்த மேடையில் நடந்ததாகச் சொல்லும் கதை சீனக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். போ யா என்ற வாத்தியக்காரர் உயர்ந்த மலையை நினைத்து வாசிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜோங் ஸிச்சி, "அடடா, மலை போல ஓங்கி நிற்கிறது" என்பார். ஆற்றை நினைத்து வாசித்தால், "ஆறு பெருகி ஓடுகிறது" என்பார். ஸிச்சி இறந்த பிறகு போ யா நரம்பை அறுத்து, வாத்தியத்தை உடைத்து, அதற்கப்புறம் வாசிக்கவே இல்லை. சீன மொழியில் உயிர் நண்பனை ‘ஜீயின்’ என்பார்கள். நேர்ப்பொருள்: ஒலியை அறிந்தவன். கேட்பவனுக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மேடையை விட, பக்கத்துத் தெருவில் ஒரு தேநீர்க் கடையின் மாடியில் கழிந்த இரண்டு மணி நேரம்தான் இன்றைக்குப் பெரியது. அங்கே ஒரு ஆசிரியை குச்சின் சொல்லிக்கொடுக்கிறார். பேச்செல்லாம் செல்பேசி மொழிபெயர்ப்பு வழியாகத்தான்.

மேசையில் கிடத்தி வாசிக்கும் கருவி. நாலடி நீளம் இருக்கும். மேல் பலகை பௌலோனியா என்ற எடையில்லாத மரம், கீழே கெட்டியான மரம். மெட்டு கிடையாது, நகர்த்தும் குதிரை கிடையாது. ஓரமாக 13 சிப்பிப் புள்ளிகள் மட்டும், விரலுக்கு அடையாளம். பழைய காலத்தில் நரம்பு பட்டு நூல்தான். 1960களுக்குப் பிறகு நைலான் சுற்றிய எஃகு வந்தது, பலர் மாறிவிட்டார்கள். இவரிடம் இரண்டு வகையும் இருந்தது. முதலில் எஃகு நரம்பில் வாசித்தார், தெளிவாக, சத்தமாக இருந்தது. பிறகு பட்டு. ஒலி பாதியாகக் குறைந்தது. நாங்கள் இருவரும் அறியாமலே முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டோம். பக்கத்து அறையில் கெண்டியில் தண்ணீர் கொதிப்பது கூட அதைவிடச் சத்தமாக இருந்தது.

வலது கை மீட்டுகிறது. இடது கை கட்டைவிரலின் நகமும் சதையும் சேரும் இடத்தில் நரம்பை அழுத்தி மேலும் கீழும் நகர்கிறது. சிறு அசைவுக்கு யின், பெரிய அசைவுக்கு நாவ் என்று பெயர். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாதம் தேய்ந்து, கேட்காமல் போன பிறகும் விரல் நகர்ந்துகொண்டிருந்தது. நரம்பும் மரமும் உரசும் மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும். அக்கா மெதுவாகக் கேட்டாள்: "சத்தம் நின்னுபோச்சு. எதுக்கு இன்னும் இழுக்கிறாங்க?" மொழிபெயர்த்துக் காட்டினேன். ஆசிரியை சிரித்துவிட்டு எழுதிய பதில்: "உங்களுக்கு நின்றுவிட்டதா?"

பிறகு அக்காவை உட்காரச் சொன்னார். வீணையில் மெட்டின் மேல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடித்துப் பழகிய கை. இங்கே இழுக்கக் கூடாது, நரம்போடு வழுக்கிப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் கட்டைவிரல் ஓரம் சிவந்துவிட்டது. ஆனால் ஒரு இடத்தில் விரலை ஏழாவது சிப்பிக்கு நேராக, நரம்பில் பட்டும் படாமலும் வைத்துச் சட்டென எடுத்தபோது, மணி போல ஒரு சுத்தமான ஒலி எழுந்தது. ஆசிரியை கை தட்டினார். குச்சினுக்கு மூன்று குரல்: திறந்த நரம்பு மண், இந்த மணியொலி வானம், அழுத்திய நரம்பு மனிதன் என்பார்கள்.

சுவடியும் காட்டினார். சீன எழுத்து போலவே இருக்கும், ஆனால் எழுத்து அல்ல. எந்த விரல், எந்த நரம்பு, எந்தப் புள்ளி, உள்ளே இழுப்பதா வெளியே தள்ளுவதா, எல்லாவற்றையும் சுருக்கி ஒரே கட்டத்துக்குள் அடுக்கிய குறி. எவ்வளவு நேரம் பிடிப்பது என்று மட்டும் அதில் இருக்காது. தாளத்தை வாசிப்பவர் தானே தேடிக் கண்டடைய வேண்டும். சின்ன உருப்படிக்கு மூன்று மாதம், பெரியதற்கு மூன்று வருடம் என்று ஒரு பேச்சே உண்டு. எழுதாமல் விட்ட இடத்தில் ஆளுக்கு இடம் கிடைக்கிறது. நம் கீர்த்தனைப் புத்தகங்களிலும் கமகம் எழுத்தில் முழுதாக ஏறுவதில்லையே.

1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் சீனாவிலிருந்து எடுத்தது ஒரு குச்சின் வாசிப்பு. குவான் பிங்ஹு வாசித்த ‘ஓடும் நீர்’. ஏழரை நிமிடத்துக்கும் மேல். அதே தட்டில் இந்தியாவிலிருந்து இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரல். இரண்டும் இப்போது சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள், ரயிலில்

சூஜோவுக்கு விரைவு ரயில். வெளியே மழை. அக்கா என் குறிப்பேட்டை வாங்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

பழைய சீனர்கள் சுரங்களைப் பிறப்பித்த முறைக்கு ‘மூன்றில் ஒன்றைக் கழி, மூன்றில் ஒன்றைக் கூட்டு’ என்று பெயர். 81 அளவுள்ள நரம்பில் தொடங்கு. மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 54. அதோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 72. கழித்தால் 48. கூட்டினால் 64. வரிசைப்படுத்தினால் 81, 72, 64, 54, 48. இவைதான் கோங், ஷாங், ஜுவே, ஜீ, யூ என்ற ஐந்து சுரங்கள்.

"81 சட்ஜம். 72 ரி. 64 க. 54 ப. 48 த." பேனா நின்றது. "டேய், மோகனம்டா இது."

அதோடு நிற்கவில்லை. ஐந்தில் எதையும் ஆதாரமாக வைக்கலாம் என்பது சீன முறை. ஷாங்கை ஆதாரமாக வைத்தால் மத்தியமாவதி. ஜுவே வைத்தால் இந்தோளம். ஜீ வைத்தால் சுத்த சாவேரி. யூ வைத்தால் சுத்த தன்யாசி. நம் கிரகபேதம், பழைய தமிழில் சொன்னால் பண்ணுப்பெயர்த்தல். ஆனால் மோகனத்தின் சுரங்கள் இருப்பதால் மோகனம் ஆகிவிடாது. ராகத்தின் நடை, பிடி, எங்கே நிற்பது எல்லாம் வேறு. நாம் பொதுவாக "சீனப் பாட்டு எல்லாம் மோகனம் மாதிரி இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஐந்துக்கு மேல் இரண்டு சார்புச் சுரங்களையும் சேர்த்து ஏழாகவும் அவர்கள் பாடினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐந்து சுரத்துக்கும் அரசியல் பொருள் வேறு இருந்தது. கோங் அரசன், ஷாங் அமைச்சன், ஜுவே மக்கள், ஜீ காரியங்கள், யூ பொருள்கள். கோங் பிசகினால் அரசன் செருக்குப் பிடித்தவன் என்று அர்த்தம். ஆதார சுருதிக் குழலின் நீளத்தைக் கருந்தினை மணி 90ஐ வரிசையாக வைத்து அளந்தார்கள். நாட்டின் நீட்டலளவையும் முகத்தலளவையும் அதே குழலிலிருந்து வந்தன. புது அரச வம்சம் வந்தால் சுருதியைப் புதிதாக நிர்ணயிப்பது அரசாங்க வேலை.

கூட்டிக் கழிக்கும் முறையில் பன்னிரண்டாவது சுரம் வரை போனால் வட்டம் சரியாக மூடாது, கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தோடு பல நூற்றாண்டு போராடினார்கள். 1584இல் மிங் வம்சத்து இளவரசர் ஜூ ஸாய்யூ, மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் பெரிய அபாகஸ் சட்டத்தை வைத்து இரண்டின் பன்னிரண்டாம் படிமூலத்தைக் கணக்கிட்டு, பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பிரித்துக் காட்டினார். இன்றைக்குப் பியானோவும் கீபோர்டும் நிற்பது அந்தக் கணக்கின் மேல்தான். அவருடைய அரசவை அதைப் பயன்படுத்தவே இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நான்காம் நாள், சூஜோ

பிங்ஜியாங் சாலை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வெள்ளைச் சுவர் வீடுகள். அதிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குன்ச்சூ அருங்காட்சியகம். ஷான்ஷி வணிகர்கள் கட்டிய பழைய சங்கக் கட்டடம். உள்ளே ஒரு மரமேடை. மேடைக்கு மேலே கூரை சுழல் சுழலாகக் குடைந்து கிண்ணம் போல இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குரலைத் திரட்டி முற்றத்துக்கு அனுப்ப.

குன்ச்சூ இந்தப் பக்கத்துக் குன்ஷான் ஊரில் பிறந்த பாட்டு நாடகம். 16ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபு என்பவர் உள்ளூர்ப் பாடும் முறையைச் செதுக்கிச் சீராக்கினார். நீர் ஊற்றி மாவரைப்பது போல நைசாக இருக்கும் என்று அதற்கு ‘நீராலை ராகம்’ என்று பெயர். ஒரு சொல்லைத் தலை, வயிறு, வால் என்று மூன்றாகப் பிரித்துப் பாடுவார்கள். மெய்யில் தொடங்கி, உயிரில் நீண்டு, கடைசியில் மெல்ல மூடும். இன்று கேட்டதில் ஒரு பெண் ஒரே சொல்லின் வயிற்றில் அரை நிமிடம் இருந்தாள். யுனெஸ்கோ 2001இல் வாய்மொழி மரபுகளுக்கென முதல்முறை பட்டியல் போட்டபோது குன்ச்சூவும் கேரளத்தின் கூடியாட்டமும் ஒன்றாக இடம்பெற்றன. கூடியாட்டம் பார்த்தவர்களுக்கு இந்த நிதானம் புதிதாக இருக்காது.

குன்ச்சூவுக்குத் துணை தீஸு, அதாவது பக்கவாட்டுப் புல்லாங்குழல். அதன் ரகசியத்தை மாலையில் ஒரு சிறிய வாத்தியக் கடையில் பார்த்தோம்.

ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவே இன்னொரு துளை இருக்கிறது. கடைக்காரப் பெரியவர் முதலில் அதைக் காகிதத்தால் மூடி ஊதினார். நம் ஊர்க் குழல் போலவே இருந்தது. பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயிலிருந்து எதையோ இடுக்கியால் எடுத்தார். நாணல் தண்டின் உள்ளே இருக்கும் தோல். வெங்காயச் சருகை விட மெல்லியது, மூச்சு பட்டாலே பறக்கிறது. ஒரு பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, அதன் ஈரத்தைத் துளையைச் சுற்றித் தடவினார். அந்தத் தோலை மேலே வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓரங்களை இழுத்து, குழலுக்குக் குறுக்கே மிகச் சின்னச் சுருக்கங்கள் வரும்படி செய்தார். அதிகம் இழுத்தால் ஒலி வறண்டுவிடும், தளர்ந்தால் கரகரக்கும். ஊதிப் பார்த்தார், தலையை ஆட்டினார், பிய்த்துப்போட்டு வேறு தோல் எடுத்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. அதே குழல், அதே மூச்சு, ஆனால் ஒலிக்குள் வெயில் புகுந்தது போல ஒரு ரீங்காரம்.

அக்கா உடனே சொன்னாள்: "தம்புராவில ஜீவா வைக்கிறோமே, அதுதான்டா இது." தம்புராவின் குதிரையில் நரம்புக்கு அடியில் ஒரு நூல் வைத்து, அந்த இடத்தை மயிரிழை நகர்த்தி நாதத்தைத் திறப்போம். இங்கே நாணல் தோல். எட்டு வகைப் பொருளில் தீஸு மூங்கில் இனம் என்றாலும், உயிர் இருப்பது இந்தத் தோலில்.

இரவு ஒரு தேநீர்க் கடையில் பிங்தான் கேட்டோம். சின்ன மேசை, இரண்டு பக்கம் இரண்டு பேர். ஆண் கையில் மூன்று நரம்பு சான்ஷியான், பெண் கையில் மடியில் நிமிர்த்தி மீட்டும் பீபா. சூஜோ பேச்சு வழக்கில் கதையும் பாட்டும் மாறி மாறி. நிங்போக்காரர் பேசுவதைக் கேட்பதை விட சூஜோக்காரர் சண்டை போடுவதைக் கேட்கலாம் என்று இந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. ஒரு சொல் புரியாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் நாள், வூஷி

சூஜோவிலிருந்து ரயில் ஏறி உட்கார்ந்தால் வூஷி வந்துவிடுகிறது. இங்கே ஆபிங் என்ற தெரு வாத்தியக்காரருக்காக வந்தோம்.

உண்மைப் பெயர் ஹுவா யன்ஜுன். பிறந்தது 1893. அப்பா தாவோ கோயில் பூசகர். கோயில் சடங்கு இசையெல்லாம் அப்பாவிடம் கற்றது. முப்பத்தைந்து வயதை ஒட்டி இரண்டு கண்ணும் போய்விட்டது. கோயிலும் கைவிட்டுப் போக, தெருவில் வாசித்துப் பிழைத்தார். அன்றாடச் செய்திகளைப் பாட்டாகக் கட்டி தேநீர்க் கடை வாசல்களில் பாடுவார். இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் அர்ஹு என்ற இரண்டு நரம்பு வில் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே நடப்பார்.

1950 கோடையின் கடைசியில் இசை ஆய்வாளர் யாங் யின்லியூ, எஃகுக் கம்பியில் ஒலிப்பதியும் இயந்திரத்தோடு இங்கே வந்தார். ஆபிங் அப்போது வாசிப்பை விட்டுச் சில காலம் ஆகியிருந்தது. கையில் நல்ல வாத்தியம் கூட இல்லை; கடையிலிருந்து இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். அர்ஹுவில் மூன்று, பீபாவில் மூன்று, ஆக ஆறு உருப்படிகள் பதிவாயின. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனார்கள். அந்த டிசம்பரில் ஆபிங் இறந்துவிட்டார். அந்த ஆறில் ஒன்றுதான் இன்று சீனா முழுதும் தெரிந்த ‘இரண்டாம் ஊற்றில் நிலா’. ஊற்று இங்கேயே ஹுய்ஷான் மலையடியில் இருக்கிறது. தேநீருக்கு ஏற்ற நீரில் நாட்டிலேயே இரண்டாவது என்று பெயர் பெற்றது. ஆறே ஆறு பதிவு! எத்தனை தெருப் பாடகர்கள் ஒன்று கூடப் பதியாமல் போயிருப்பார்கள், நம் ஊரிலும்தான்.

சோங்ஆன் கோயில் பக்கம் அவர் இருந்த வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இருட்டான, தாழ்ந்த அறை. சுற்றிலும் கடைகள், பளபளக்கும் விளக்குகள். உள்ளே பழைய பதிவு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பியின் இரைச்சலுக்கு அடியிலிருந்து அர்ஹு வருகிறது. இன்றைய மேடை வாசிப்புகளை விடச் சுருதி தாழ்வு, நரம்பு தடிமன். அழுகை இல்லை அதில். அழுகையாக வாசிப்பது பிறகு வந்தவர்கள் சேர்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆபிங்கின் வில் அழுத்தமாக, நடக்கிறவனின் அடி போலப் போகிறது.

அர்ஹுவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். சின்ன மரப்பெட்டி, ஒரு பக்கம் மலைப்பாம்புத் தோல், நீண்ட கழுத்து, இரண்டே நரம்பு. வில்லின் மயிர் இரண்டு நரம்புக்கும் நடுவே சிக்கியிருக்கும், வெளியே எடுக்க முடியாது. உள்பக்கம் அழுத்தினால் ஒரு நரம்பு, வெளிப்பக்கம் என்றால் மற்றது. விரலுக்கு அடியில் பலகை கிடையாது. காற்றில் நிற்கும் நரம்பை விரல் தொடுவதோடு சரி. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சுருதி மாறும். அதனால்தான் அது மனிதக் குரல் போலப் பேசுகிறது. ‘ஹு’ என்றால் வடக்கு, மேற்குப் புறத்து அயலார். அவர்களிடமிருந்து வந்த வில் வாத்தியம் என்பதைப் பெயரே சொல்கிறது. வாங்கி வர நினைப்பவர்களுக்கு: பாம்புத் தோல் என்பதால் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் நாள், மறுபடி ரயில்

பொழுதெல்லாம் தெற்கு நோக்கிப் பயணம். நேற்று விட்டுப்போன ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். வூஷிக்குப் பக்கத்து ஜியாங்யின் ஊரில் 1895இல் பிறந்த லியூ தியன்ஹுவா. தெருவிலும் நாடகக் கொட்டகையிலும் கிடந்த அர்ஹுவைப் பல்கலைக்கழக வகுப்புக்குள் கொண்டுவந்தவர். வயலினும் கற்றார், அதன் பயிற்சி முறையை அர்ஹுவுக்குக் கொடுத்தார். பத்துத் தனி உருப்படிகள், 47 பயிற்சிப் பாடங்கள். பெய்ஜிங்கில் தெருக் கலைஞர்களிடம் முரசும் தாளமும் கேட்டுக் குறிப்பெடுக்கப் போன இடத்தில் செங்காய்ச்சல் தொற்றி 1932இல் இறந்தார். வயது 37.

அவருக்குப் பிறகு மேற்கத்திய முறையில் பெரிய சீன வாத்தியக் குழுக்கள் வந்தன. அர்ஹு வரிசை வயலின் இடத்தில், தாழ்ந்த ஒலிக்குப் புதிதாகச் செய்த பெரிய வில் வாத்தியங்கள். திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாணல் தோலும் பாம்புத் தோலும் தனித்தனியாக ரீங்கரிப்பதைக் கேட்க வந்த எனக்கு, எல்லாம் ஒன்றாகக் கலந்து வழவழப்பாவது இழப்பாகவே படுகிறது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வயலின் வந்ததால நம்ம பாட்டு கெட்டா போச்சு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏழாம் நாள், சுவான்ஜோ

இது கடலோர ஊர். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. தமிழ் வணிகர்கள் இங்கே சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இந்த நகரத்தில் கிடைத்தது.

காலையில் கையுவான் கோயில். பெரிய புத்தர் மண்டபத்தின் உத்தரங்களைச் சிறகு விரித்த மரப்பெண்கள் 24 பேர் தாங்குகிறார்கள். பக்கத்து மண்டபத்திலும் அப்படியே பறக்கும் பெண்கள், அவர்கள் கையில் பீபா, குழல், தாளக்கட்டை. புத்தர் மண்டபத்தின் பின்பக்கம் போனோம். பதினாறு பட்டைக் கல்தூண்கள் இரண்டு. அக்கா விரலால் தொடாமல் காட்டினாள். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், அப்புறம் கண்ணன். இடிந்த கோயிலின் கல்லைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

மாலை ஏழரைக்கு நகரத்துக் கன்ஃபூசியஸ் கோயில் வளாகத்தில் நான்யின், அதாவது ‘தெற்கின் இசை’. இதற்காகத்தான் இந்த ஊர். வடக்கே போர்கள் மூண்டபோதெல்லாம் தெற்கே நகர்ந்த மக்களோடு பழைய இசையும் வந்து இங்கே தங்கிவிட்டது. நேற்று வரை பார்த்த பீபாவெல்லாம் மடியில் நிமிர்த்தி நிறுத்தி வாசிப்பது. இங்கே படுக்கைவசத்தில், கிட்டார் பிடிப்பது போல. மத்திய ஆசியாவிலிருந்து பட்டுப்பாதை வழியாக வந்தபோது பீபாவை இப்படித்தான் பிடித்தார்கள், துன்ஹுவாங் குகை ஓவியங்களில் அதே கோலம். மற்ற ஊர்களில் காலப்போக்கில் நிமிர்த்திவிட்டார்கள். சுவான்ஜோ மாற்றவில்லை.

ஐந்து பேர். நடுவில் பாடும் பெண், கையில் ஐந்து மரத்துண்டுகளைக் கோத்த தாளக்கட்டை. ஒரு பக்கம் பீபாவும் சான்ஷியானும், மறுபக்கம் துங்ஷியாவ் குழலும் இரண்டு நரம்பு வில் வாத்தியமும். துங்ஷியாவ் என்பது வேரோடு சேர்த்து வெட்டிய மூங்கில், பத்துக் கணுவும் அவற்றுக்கு நடுவே ஒன்பது பகுதியும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஜப்பானின் ஷாகுஹாச்சிக் குழலுக்கு மூதாதை. அதன் ஒலியில் மூச்சும் பாதி கேட்கிறது. ‘பட்டும் மூங்கிலும் ஒன்றுக்கொன்று இசைய, தாளம் பிடித்தவர் பாடுவார்’ என்று ஹான் காலத்துப் பாட்டைப் பற்றி ஒரு வரி உண்டு. அந்த வரி எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது.

பார்வையாளர்களில் பாதிப் பேர் உள்ளூர் முதியவர்கள். கூடவே பாடுகிறார்கள், உதடு மட்டும் அசைகிறது. இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் இதைத் தைவான், மணிலா, மலேயா, சிங்கப்பூர் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார்கள்.

முடிந்ததும் அக்கா அந்தத் தாளக்கட்டையைப் பார்க்கக் கேட்டாள். பாடிய பெண் தயங்காமல் கொடுத்தார். கை பட்டுப் பட்டு ஓரங்கள் மழுங்கி, எண்ணெய் வைத்தது போல இருந்தது. அக்கா இரண்டு கையிலும் பிடித்து, பீபாக்காரர் வாசிக்க வாசிக்க அடிக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் மெல்ல அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். விரலைக் காட்டினார்: ஏழு எண்ணிக்கை ஒலியில்லாமல் போக வேண்டும், அடி எட்டாவதில் ஒன்றே ஒன்று.

பீபா மறுபடி தொடங்கியது. அக்கா கட்டையை மடியில் நிறுத்தி, ஆதி தாளம் போடுகிறவள் போல ஒரு கைவிரல்களைத் தொடையில் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். குழல்காரரும் எடுத்து வைத்த குழலை உறையிலிருந்து வெளியே எடுத்தார். ஐந்து, ஆறு, ஏழு. கட்டை மூடியது.